குடைக்கு வேலையில்லாத ஊர்: போலோன்யாவில் நான்கு நாள்

அக்டோபர் 14, செவ்வாய்

இத்தாலியில் போலோன்யா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் 10.25 காட்டியது. என் கைக்கடிகாரத்தில் மாலை 4.10. முப்பத்தொரு வருடம் மணியடித்தால் வகுப்பு மாறியே பழகியவள் நான். தப்பான மணி காட்டும் கடிகாரத்தைப் பார்த்தால் சும்மா இருக்க வராது.

"இத்தனை பெரிய ஸ்டேஷன், ஒரு கடிகாரத்தைப் பாத்துக்க ஆள் இல்லையா?"

பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போன மகள் நின்றாள். "அது ஓடாதும்மா. வேணும்னேதான் நிறுத்தி வெச்சிருக்காங்க."

1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை காலை 10.25க்கு இங்கே இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்தது. 85 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். கோடை விடுமுறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய கூட்டம் அது. அந்த அறையில் இப்போதும் ஆட்கள் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவரில் வெடித்த பிளவை அப்படியே விட்டிருக்கிறார்கள், பக்கத்தில் இறந்தவர்கள் பெயர்ப் பட்டியல். பெயருக்கு நேராக வயது. கணக்கு டீச்சர் புத்தி, வயதுகளைத்தான் முதலில் படித்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஊர்ப் பெயர். திருச்சியில் இருந்தவரை "போலோக்னா" என்றே சொல்லி வந்தேன். இங்கே யாருக்கும் அது புரியவில்லை. போலோன்யா. 'க்' கிடையாது.

மகள் இங்கே முதுகலை படிக்கிறாள், புள்ளியியல். அவளுடைய அறையில் ஏற்கெனவே மூன்று பேர், விருந்தாளிக்கு அனுமதி இல்லை. எனக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை அறை பிடித்திருந்தாள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை. 71 படி. இறங்கும்போது மறுபடி எண்ணிச் சரிபார்த்தேன்.

அவளுக்குப் பகல் முழுக்க வகுப்பு, மாலையில் பகுதிநேர வேலை. அதனால் ஒரு தாளில் ஊரைக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டாள். சிவப்புப் புள்ளி இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும், நீலப் புள்ளியில் காபி. கீழே பெரிய எழுத்தில்: "உட்கார்ந்து குடிக்காதே, காசு கூட. நின்று குடி."

அக்டோபர் 15, புதன்

விடியும்போதே மழை. ஐந்து யூரோ கொடுத்து ஒரு குடை வாங்கினேன். (யூரோவை நூறால் பெருக்கினால் ரூபாய் வந்துவிடுகிறது. பெருக்கல் சுலபம், மனசுதான் கேட்பதில்லை.) முதல் முனை திரும்புவதற்குள் காற்றில் அது தலைகீழாகப் புரண்டு ஒரு கம்பி போயிற்று.

ஆனால் இந்த ஊரில் குடைக்கு வேலையே இல்லை. தெருவுக்குத் தெரு, இரண்டு பக்கமும், வீடுகளின் முன்னால் வளைவும் தூணுமாக மூடிய நடைபாதை. போர்த்திகோ என்கிறார்கள். ஊர் மொத்தத்தையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர், பழைய நகரத்துக்குள் மட்டும் 38. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மேலே ஒரு வீட்டுக்கு ஓவியக் கூரை, அடுத்ததற்கு வெறும் சுண்ணாம்பு. கீழே ஒரு வாசலுக்குப் பளிங்குச் சில்லுத் தரை, அடுத்த வாசலுக்குச் செங்கல். ஈரக்காலோடு நடந்தால் பளிங்குச் சில்லு வழுக்கும், ஜாக்கிரதை.

எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்தது. பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகக் கணக்கு. வெளியூரிலிருந்து படிக்க வந்தவர்களுக்கும் பிழைக்க வந்தவர்களுக்கும் இடம் பற்றவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே மரத்தூணை முட்டுக் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் இப்படி நீட்டியதை இடிக்கச் சொன்னார்கள். இந்த ஊர் 1288இல் நேர் எதிராகச் சட்டம் போட்டது: வீடு கட்டினால் போர்த்திகோ வைத்தே ஆகவேண்டும். இடம் உன்னுடையது, பராமரிப்பும் உன்னுடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. நம் பக்கத்தில் திண்ணையை இடித்து கார் ஷெட் கட்டியவர்களின் முகம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அதில் நாங்களும் உண்டு.

அந்தக் காலத்து மரத்தூண் இன்னும் சில இடங்களில் நிற்கிறது. ஸ்திராதா மஜ்ஜோரே தெருவில் இஸோலானி வீட்டு முன்னால் ஓக் மரத்தூண்கள், பனை உயரத்துக்கு. கையை வைத்துப் பார்த்தேன். பழைய தேர்ச் சக்கரம் மாதிரி வெடித்து வறண்டு கிடக்கிறது.

பியாஸா மஜ்ஜோரே என்கிற பெரிய சதுக்கத்துக்குப் போனபோது மழை தூறலாகியிருந்தது. சதுக்கத்தின் நடுவில் லேசாக உயர்ந்த ஒரு கல் மேடை. தாளில் அதற்கு நேராக, "குறுக்கே போகாதே, ஓரமாகச் சுற்றிப் போ" என்று எழுதியிருந்தாள். படிப்பு முடியாதவர்கள் மூலைக்கு மூலை நடந்தால் பட்டம் கிடைக்காதாம், மாணவர்கள் நம்பிக்கை. நான்தான் 1986இலேயே பட்டம் வாங்கிவிட்டேனே. குறுக்கேதான் போனேன். ஒரு செவ்வகத்தில் மூலைவிட்டம் இருக்கும்போது இரண்டு பக்கத்தையும் சுற்றுவது என்ன கணக்கு?

எதிரே சான் பெத்ரோனியோ தேவாலயம். 1390இல் தொடங்கிய வேலை, முகப்பு இன்றுவரை முடியவில்லை. கீழ்ப்பாதி வெள்ளையும் ரோஜாவுமாகப் பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். பட்டுப் பாவாடை கட்டிவிட்டு மேல்சட்டைக்குத் துணி பற்றாத குழந்தை மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு சூரியக் கோடு உண்டு, அதற்காகவே நான் இந்த ஊருக்கு வரச் சம்மதித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சூரியன் இல்லாமல் சூரியக் கோட்டில் என்ன பார்ப்பது? நாளைக்கு என்று திரும்பிவிட்டேன்.

இரண்டு கோபுரங்களையும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. அசினெல்லி 97 மீட்டர், கரிசெந்தா 48. குட்டையானதுதான் அதிகம் சாய்கிறது. பயந்து 14ஆம் நூற்றாண்டிலேயே அதன் தலையைக் குறைத்துவிட்டார்கள், அப்படியும் 2023 அக்டோபரிலிருந்து சுற்றி அடைத்து வைத்திருக்கிறார்கள். பெரிய கோபுரத்துக்கு 498 படி. அதுவும் மூடியிருந்ததில் என் முழங்காலுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்.

சாந்தா மரியா தெல்லா வீத்தா என்கிற சின்னக் கோயிலுக்கு மழைக்கு ஒதுங்குகிற மாதிரிதான் நுழைந்தேன். ஒரு மூலையில் ஆளுயரச் சுடுமண் சிலைகள். இறக்கிக் கிடத்திய இயேசுவைச் சுற்றி ஆறு பேர். 15ஆம் நூற்றாண்டில் நிக்கோலோ தெல்லார்க்கா செய்தது. சிலுவை, மாதா என்று இத்தாலிக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பார்த்தாயிற்று, எல்லோரும் அழகாக, அடக்கமாக அழுகிறார்கள். இங்கே அப்படி இல்லை. வலதுகோடியில் மக்தலேனா ஓடி வருகிறாள், முக்காடும் பாவாடையும் பின்னால் காற்றில் பறக்கின்றன, வாய் முழுக்கத் திறந்து, நாக்கு தெரிய. அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, 'பார்க்க மாட்டேன்' என்பதுபோல இரண்டு கையையும் முன்னால் நீட்டி முகத்தை மறைக்கிறாள். இது ஒப்பாரிதான். சாவு வீட்டு வாசலில் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் மகள்கள் இப்படித்தான் ஓடுவார்கள். இடதுகோடியில் சுத்தியலோடு முழங்காலிட்ட ஒரு ஆள் மட்டும் சடலத்தைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறான். 'நீ எதுக்கு நின்னு வேடிக்கை பாக்கிறே' என்கிற மாதிரி. மழை நின்ற பிறகும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஒரு கஷ்டம். இந்த ஊருக்கு 'கொழுத்தவள்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, சாப்பாட்டுக்காக. தொர்தெல்லினி என்கிற பாஸ்தா மடிப்பு என்றால் உள்ளே பன்றி இறைச்சி, மிதப்பது கோழிச் சாற்றில். ராகூ என்றால் கொத்துக்கறி. நான் முட்டைகூடக் கேக்கில்தான் சாப்பிடுவேன். பக்கத்து மேசையில் ஒரு கூடை நிறையப் பூரி வந்தது! சதுரமாக, உப்பி, ஆவி பறக்க. க்ரெஷெந்தீனா என்று பெயர் கேட்டு, கூடவே வெண்ணெய் மாதிரி ஒரு சீஸும் வாங்கிக்கொண்டு ஐந்து தின்றேன். அவ்வளவு ருசி. ராத்திரி மகளிடம் பெருமையாகச் சொன்னால், அவள் போனில் எதையோ தேடி, ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எண்ணெயில பொரிச்சாங்களான்னு கேட்டியாம்மா?" என்றாள். வழக்கமாகப் பொரிப்பது பன்றிக் கொழுப்பிலாம்.

ஐந்து. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

அக்டோபர் 16, வியாழன்

வெயில்! நீல வானம், 12 டிகிரி. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், கீழே கேன்வாஸ் ஷூ. கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவில்லை.

நீலப் புள்ளியில் "லாத்தே" என்று கேட்டேன். ஒரு டம்ளர் வெறும் பால் வந்தது. சூடாக, சர்க்கரைகூட இல்லாமல். கவுண்டர்க்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் அதிலேயே ஒரு காபியை ஊற்றித் தந்தார். காசு காபிக்கு மட்டும், 1.40 வாங்கினார். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பேப்பரின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போனார். மொத்தம் ஒன்றரை நிமிடம். இவர்கள் காபி குடிப்பதில்லை, மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள்.

ஆர்க்கிஜின்னாசியோ, பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். சுவர் முழுக்க, கூரை வரைக்கும், படித்த மாணவர்களின் குலச் சின்னங்கள், ஆயிரக்கணக்கில். மாடியில் மரத்தாலான உடற்கூறு மண்டபம். நடுவில் பளிங்கு மேசை, அதன்மேல்தான் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தினார்கள். ஆசிரியர் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் தோலுரித்த இரண்டு மர மனிதர்கள் கூரையைத் தாங்கி நிற்கிறார்கள், தசைநார் ஒவ்வொன்றும் தெரிய. 1944 ஜனவரி 29 குண்டுவீச்சில் இந்த மண்டபம் நொறுங்கியது. இடிபாட்டில் கிடைத்த துண்டுகளைப் பொறுக்கி மறுபடி கட்டியிருக்கிறார்கள். வகுப்பறை என்றால் பெஞ்சை எண்ணாமல் விடமாட்டேன், ஆனால் பிணம் கிடந்த மேசையை விட்டுக் கண் நகரவில்லை.

சரி, சூரியக் கோடு.

1655இல் ஜான் தொமெனிக்கோ கசீனி போட்டது. பிறகு பாரிஸுக்குப் போய் சனியின் வளையத்தில் இடைவெளி கண்டுபிடித்தாரே, அவர்தான். கூரையில், தரையிலிருந்து 27 மீட்டர் உயரத்தில் ஒரு துளை. அதன் விட்டம் உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 27 மில்லிமீட்டர். தரையில் தெற்கு வடக்காகப் பளிங்கில் பதித்த ஒரு கோடு, கிட்டத்தட்ட 67 மீட்டர். பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு என்று பக்கத்திலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். தூண்களுக்கு நடுவே, இடிக்காமல் நூலிழையில் போகிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது ஒளிவட்டம் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்குக் கிட்டே, குளிர்காலத்தில் தூரக்கோடியில். போப் திருத்திய நாட்காட்டி சரிதானா என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

எத்தனை மணிக்கு வரும் என்று யாரையும் கேட்கவில்லை, ரயில் டிக்கெட்டின் பின்னால் நானே போட்டுப் பார்த்தேன். இத்தாலி நேரம் 15 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, ஊர் இருப்பது 11.3இல். டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் ஏறக்குறைய 15 நிமிடம் தாமதம். கோடை நேரத்துக்கு ஒரு மணி கூட்டு. அக்டோபர் நடுவில் சூரியன் கடிகாரத்தைவிட 14 நிமிடம் முந்துகிறது, அதைக் கழி. ஒரு மணிக்கு வரவேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே.

12.50க்கே போய் நின்றேன். வட்டம் என்று சொன்னேனே, நீள்வட்டம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், அதைவிட நீளம், விளிம்பு கலங்கலாக. கோட்டுக்கு மேற்கே தரையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஊர்ந்து என்றால் கண்ணுக்குத் தெரிகிற வேகம். ஒரு விநாடிக்கு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். முதலில் விளிம்பு தொட்டது, அப்புறம் கோடு வட்டத்தை இரண்டாகப் பிளந்தது. என் கடிகாரத்தில் மணி ஒன்று. பக்கத்தில் ஒரு பையன் ஒளிக்குள் ஷூவை வைத்து எடுத்தான், அவன் அப்பா முறைத்தார். இரண்டு நிமிடத்தில் முழுக்கத் தாண்டிப் போயிற்று.

ஒளி விழுந்த இடம் துலாம் குறிக்கும் விருச்சிகக் குறிக்கும் நடுவில், விருச்சிகத்தை நோக்கி. நம் பஞ்சாங்கப்படி ஓரிரு நாளில்தான் ஐப்பசி, அப்போதுதான் சூரியன் துலாத்தில் நுழைவான். இவர்கள் கணக்கில் துலாத்துக்கு வந்து மூன்று வாரமாகிவிட்டது. இவர்கள் வசந்தச் சமநாளிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரத்தை வைத்து. இடைவெளி இன்றைக்கு 24 டிகிரி. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியிருப்பேன். ஒரு தரையில் 24 டிகிரியைக் காலால் அளந்து பார்க்கலாம் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடத்தியிருப்பேன்.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் மனதில் ஒட்டவில்லை. ஏழு கோயில் வளாகம், நெப்டியூன் நீரூற்று, எல்லாம் ஆயிற்று. பியெல்லா தெருவில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதைத் திறந்தால் கால்வாய் தெரியுமாம். பதினைந்து பேர் வரிசை. திறந்தால் இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே ஒரு வாய்க்கால். உய்யக்கொண்டான் கரையில் வளர்ந்தவளிடம் வாய்க்காலைக் காட்டினால்?

அக்டோபர் 17, வெள்ளி

சான் லூக்கா. ஊருக்கு வெளியே குன்றின்மேல் மாதா கோயில், அதுவரை போர்த்திகோ. சரகோஸா வாசலிலிருந்து கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர், 666 வளைவு. 1433இல் விடாத மழை, பயிர் அழுகும் நிலை. மலை மாதாவின் படத்தை ஊருக்குள் கொண்டுவந்தார்கள், மழை நின்றது. அதிலிருந்து வருடா வருடம் ஊர்வலம். அந்த ஊர்வலம் நனையக் கூடாதென்று 1674இல் கூரை போடத் தொடங்கினார்கள். மழையை நிறுத்திய மாதாவுக்கே மழைக்கூரை. இந்த ஊர்க்காரர்கள் எதையும் நம்பி விடுவதில்லை என்று தெரிகிறது.

வளைவுகளை எண்ணுவது என்று முடிவு செய்தேன். கட்டை விரலால் வலது கைக் கணுவில் பன்னிரண்டு, அது முடிந்தால் இடது கையில் ஒன்று. 17 பன்னிரண்டும் நாலும் வரை போயிற்று. 208. அங்கே காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். புடவை முந்தானையை இரண்டு விரலால் தடவி, "சேத்தா?" என்றார். சீட், உட்கார இடம் வேண்டுமா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, வேண்டாம், களைப்பில்லை என்று கையை ஆட்டினேன். அவர் மறுபடி "சேத்தா?" நான் மறுபடி கை. அவருக்குச் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. பிறகு ஐந்து நிமிடம் இத்தாலியனில் ஏதோ சொன்னார், எனக்குப் புரிய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததாகவே தெரியவில்லை. போகும்போது கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். எண்ணிக்கை போயே போயிற்று.

சேத்தா என்றால் பட்டு. மாலையில் மகள் சொன்னாள். நேற்று நான் மட்டம் தட்டிய அந்தக் கால்வாய்கள் ஒரு காலத்தில் ஓட்டியது பட்டு ஆலைகளைத்தான். நான் கட்டியிருந்தது செட்டிநாட்டுப் பருத்தி. பாட்டியிடம் ஒரு தலையாட்டலில் சொல்லியிருக்கலாம்.

மெலொன்செல்லோ வளைவு வரை சமதரை. அதற்கப்புறம் படியும் சரிவுமாக ஏற்றம். காலையில் ஓடப் பழகுகிற இளசுகள் என்னைத் தாண்டி மேலே ஓடி, திரும்பி இறங்கி, மறுபடி தாண்டினார்கள். ஒருத்தி இரண்டாவது முறை கடக்கும்போது "ஃபோர்ஸா!" என்று கத்தினாள். முக்கு, விடாதே என்று அர்த்தமாம். தூணுக்கு ஒருமுறை நின்றேன். நிற்கும்போதெல்லாம் எதிர்ச் சுவரில் ஒரு கல்வெட்டு, இந்த வளைவு இன்ன குடும்பம், இன்ன தொழிலாளர் சங்கம் கட்டியது என்று. நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் மாதிரிதான், ஆனால் வெளிச்சத்தை மறைக்கவில்லை. மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம். ஒரு பக்கம் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் சமவெளியும், இன்னொரு பக்கம் மலைகள். கீழே இறங்க மட்டும் சுற்றுலாக்காரர்களுக்கான சின்ன ரயில் வண்டியில் ஏறிவிட்டேன். யாரிடமும் மறைக்கவில்லை.

மாலை மகளுக்கு வேலை இல்லை. தாளில் கடைசிச் சிவப்புப் புள்ளி பாக்கி இருந்தது. சதுக்கத்தின் ஓரத்தில் பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் நான்கு பக்கமும் திறந்த ஒரு வளைவு மண்டபம். எதிரெதிர் மூலையில் இரண்டு பேர் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தால், நடுவில் நிற்பவருக்குக் கேட்காது, அந்த மூலைக்குக் கேட்கும். தொழுநோயாளிகளிடம் பாவமன்னிப்பு கேட்க இதைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். இந்த இடத்துக்கு மட்டும் தனியாகப் போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். இரண்டு பேர் வேண்டுமே, அதனால்தான் என்று இருந்தேன்.

தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி மூலையில் முகம் வைத்து நின்றேன். செங்கல் சில்லென்று இருந்தது. மேலேயிருந்து, காதுக்குள் யாரோ ஊதுகிற மாதிரி அவள் குரல்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குதுடி. நல்லா."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. யாரோ சிரித்தபடி நடுவில் போனார்கள்.

"செப்டம்பர் எக்ஸாம் தள்ளிப்போச்சுன்னு சொன்னேன்ல. தள்ளிப்போகல. ஓரல்ல போயிடுச்சு."

"எந்த பேப்பர்?"

"ப்ராபபிலிட்டி."

முப்பத்தொரு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவளின் மகள். திரும்பிப் பார்த்திருந்தால் அவள் முதுகு தெரிந்திருக்கும். திரும்பவில்லை.

"புரியலையா, பயந்துட்டியா?"

"பயந்துட்டேன். முப்பதுக்குப் பதினெட்டு வேணும். கேள்வி கேட்டதும் எல்லாம் வெள்ளையாயிடுச்சு."

"திரும்ப எப்போ?"

"ஜனவரி. எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம்மா இங்க. வந்த மார்க் பிடிக்கலன்னாகூட வேண்டாம்னு சொல்லலாம்."

"அப்ப சரி. ராத்திரி அந்தப் பாடத்தை எடுத்துட்டு என் ரூமுக்கு வா. எங்க வெள்ளையாச்சுன்னு பார்ப்போம்."

என் தோளுக்குப் பின்னால் ஒரு ஜோடி தங்கள் முறைக்காகக் காத்திருந்தது. விலகினேன்.

சாப்பாட்டுக்கு ரிக்கோத்தாவும் கீரையும் வைத்த தொர்தெல்லோனி, வெண்ணெயில் சேஜ் இலை தாளித்தது, தட்டு 13 யூரோ. பொரித்தது இல்லை என்று இரண்டு பேரும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். வெளியே வந்தால் மறுபடி தூறல். சதுக்கத்தைத் தாண்டினால்தான் அறை. மகள் வழக்கம்போலக் கல் மேடையின் ஓரமாகச் சுற்றிப் போனாள். நான் ஒரு காலை மேடையில் வைத்தேன், எடுத்துவிட்டு அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டு போனேன். அவளிடம் இன்னும் 71 படி பற்றிச் சொல்லவில்லை.